மணல்திட்டில் எத்தனை பேர்

ஜனவரி 9

அக்கா,

தொலைபேசியில் ஒரே நிமிடத்தில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் இன்று காலை பதினொரு மணியிலிருந்து உன்னோடு தொலைபேசியில் பேச எனக்கு அனுமதி இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் ஊர் ஏவுதளத்தின் உரிம விண்ணப்பம் போன வாரம் எங்கள் பாதுகாப்புப் பிரிவுக்கு வந்தது. இங்கே நாங்கள் நான்கு பேர். கோப்புகளை வரிசைப்படி பிரித்துக் கொடுப்பார்கள். உன் விண்ணப்பம் எனக்கு வந்தது. தள மேலாளர் என்று முதல் பக்கத்திலேயே உன் கையெழுத்து. அப்போதே எழுந்து போய் மேலதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன்.

ராக்கெட் கிளம்பி நாற்பதாவது விநாடியில் மணல்திட்டுக்கு மேலே போகிறது. அந்த நேரத்தில் ஏதாவது கெட்டால் துண்டுகள் விழுகிற இடம் அது. திட்டில் வசிப்பவர்கள் பத்தொன்பது பேர் என்று விண்ணப்பம் சொல்கிறது. போன மார்ச்சில் நான் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது நாம் இரண்டு பேரும் அந்தத் திட்டில் நடந்தோம். கடல்பாசி எடுக்கிறவர்கள் வரிசையாகப் பிளாஸ்டிக் குடிசை போட்டிருந்தார்கள். நான் எண்ணவில்லை. ஆனால் அது பத்தொன்பது இல்லை.

"பாசிப் பருவத்தில் மணல்திட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று கோப்பில் ஒரு கேள்வி எழுதினேன். அதை எழுதி முடித்த பிறகுதான், விண்ணப்பதாரர் என் அக்கா என்று எழுதிக் கொடுத்தேன். கோப்பை என்னிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். கேள்வி கோப்பிலேயே இருக்கிறது. நாளை அது அலுவலக முத்திரையோடு உனக்கு வரும்.

முடிவு வரும்வரை உன்னோடு நேரிலோ தொலைபேசியிலோ பேசமாட்டேன் என்று உறுதிமொழி கொடுத்திருக்கிறேன். கடிதம் எழுதலாம். நகலைக் கோப்பில் சேர்க்க வேண்டும். நீ எழுதுவதற்கும் அதே விதி. இந்தக் கேள்வியைப் பற்றி ஒருமுறை உனக்கு விளக்கலாம் என்றார்கள், விளக்கிவிட்டேன். இனி வீட்டு விஷயம் மட்டும்.

அத்தானுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது?

தம்பி


ஜனவரி 17

தம்பிக்கு,

உன் அத்தானுக்கு முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. முதுகில் குத்து வாங்கியது நான்.

உறவுக்காரன் என்று நீ முதலில் சொல்லியிருந்தால் கோப்பு வேறு ஆளிடம் போயிருக்கும். அந்த ஆளுக்கு மணல்திட்டும் தெரியாது, பாசியும் தெரியாது. முதலில் கேள்வி, அப்புறம் உறவு. அந்த வரிசையை நீ தெரிந்தேதான் போட்டாய். என் வீட்டில் ஒரு வாரம் சாப்பிட்டு, என்னோடு நடக்க வந்து, பார்த்ததைக் கொண்டுபோய்க் கோப்பில் வைத்திருக்கிறாய்.

நகலைப் படிக்கிறவருக்கு: நான் கோபமாக இருக்கிறேன். குறித்துக்கொள்ளவும்.

அக்கா


ஜனவரி 28

அக்கா,

நீ சொன்னது சரி. வரிசையைத் தெரிந்தேதான் போட்டேன்.

அதற்கு மேலதிகாரி எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். என்னைப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து அறிவிப்புப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். இது கீழ்த்தளம். ராக்கெட் விடுகிற நாளில் கப்பல்களும் விமானங்களும் எந்தப் பக்கம் வரக் கூடாது என்று அறிவிப்பு எழுதுகிற வேலை. ஜன்னல் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி. பக்கத்து மேசைக்காரர் ஒரு நாளைக்கு எட்டு முறை தேநீர் குடிக்கிறார். ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் குடிக்கிறார்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன்.

வாலு பரீட்சை எப்படி எழுதினாள்?

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

வாலு கணக்கில் தொண்ணூற்று நாலு. மாமன் புத்தி என்று அவள் அப்பா பெருமைப்பட்டார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

கோப்பைப் பற்றி நீதான் எழுதக் கூடாது. நான் எழுதக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. விசாரித்துவிட்டேன். ஆகவே கேள்.

எங்கள் விமான நிலையத்தில் விமானங்கள் நின்று ஐந்து வருஷம் ஆகிறது. ஓடுபாதையில் ஆடு மேய்கிறது. நான்தான் காலையில் போய்த் துரத்துகிறேன், மேலாளர் என்பதற்கு அதுதான் வேலை. அந்த இடத்தை ஏவுதளமாக மாற்றலாம் என்று அரசாங்கம் சொன்னபோது இந்த ஊர் எப்படி ஆடியது என்று உனக்குத் தெரியும். அமைச்சகம் மானியத்தை இரண்டு தவணையாகப் பிரித்தது. முதல் தவணையில் வேலி, எரிபொருள் தொட்டி, ராக்கெட்டின் பாகங்களைப் பூட்டுகிற கூடத்துக்கு அடித்தளம். அடித்தளத்திலிருந்து கம்பிகள் ஆள் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கின்றன. உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க அவற்றுக்கு எண்ணெய்த் துணி சுற்றி வைத்திருக்கிறோம். இரண்டாம் தவணை வேண்டுமென்றால் ஜூன் 30-க்குள் உரிமம் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மானியம் காலாவதி. நூற்று நாற்பது பேர் அந்தக் கூடத்தில் வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பாதிப்பேர் பழைய விமான நிலைய ஆட்கள்.

உன் அத்தான் பன்னிரண்டு அறை வைத்த விடுதி கட்டிவிட்டார். கட்டில்களை அரை அடி நீளமாகச் செய்யச் சொல்லியிருக்கிறார். ஏன் என்றால், "ராக்கெட் ஆளுங்க உயரமா இருப்பாங்க" என்கிறார். எங்கே பார்த்தார் என்று தெரியவில்லை.

உன் கேள்வி வந்ததும் ஆலோசகரைக் கூப்பிட்டேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கோட்டு. இந்த வெயிலிலும் கழற்றமாட்டார். கேள்வியைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"மேடம், திட்டுல நிரந்தரமா குடியிருக்கிறவங்க எத்தனை பேர்?"

"பத்தொன்பது."

"அதையே எழுதுவோம். 'நிரந்தரக் குடியிருப்போர்: 19'. இதுல ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது."

"பருவத்துல எத்தனை பேர்னு கேட்டிருக்காங்களே."

"பருவத்துல வர்றவங்க குடியிருப்போர் இல்ல மேடம். வந்து போறவங்க. விதியில குடியிருப்போர்னுதான் இருக்கு."

விதியைப் பிரித்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன். பதில் எழுத வேண்டாம்.

அக்கா


மார்ச் 4

அக்கா,

பதில் எழுத வேண்டாம் என்றாய். கோப்பைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. நான் குடியிருக்கிற வீட்டில் தண்ணீர் காலை ஆறிலிருந்து ஏழு வரைதான் வருகிறது. அத்தானிடம் சொல், நீளக் கட்டில் நல்ல யோசனைதான். நான் உங்கள் வீட்டில் தூங்கும்போது கால் வெளியேதான் இருக்கும்.

பாசிக்காரர்கள் இந்த வருஷம் வந்துவிட்டார்களா? போன வருஷம் மஞ்சள் துணி கட்டியிருந்த ஒரு பெண் நமக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள், ஞாபகம் இருக்கிறதா?

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

வந்துவிட்டார்கள். மூன்று நாளைக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை நட இடம் பார்க்கத் திட்டுக்குப் போனேன். உன் கடிதம் பையில் இருந்தது. மஞ்சள் துணிக்காரியைக் காணோம். மற்ற எல்லோரும் இருந்தார்கள்.

விமான நிலையத்தில் பயணிகளை எண்ணுகிற கைக்கருவி ஒன்று இருக்கிறதே, கட்டைவிரலால் அழுத்தினால் எண் மாறும், அது என் மேசையில் சும்மா கிடந்தது. அதையும் எடுத்துப் போயிருந்தேன். எதற்கு எடுத்தேன் என்று நீ கேட்டால் பலகை எண்ண என்பேன். பலகை ஆறுதான்.

மேற்கு முனையிலிருந்து ஆரம்பித்தேன். காலை எட்டு மணி. பாதிப்பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி அறுத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப்பேர் கரையில் உலர்த்திக்கொண்டிருந்தார்கள். கடைசிக் குடிசையைத் தாண்டும்போது கருவியில் 347. தொட்டிலில் கிடந்ததை விட்டுவிட்டேனோ என்று சந்தேகம் வந்து பாதி வழி திரும்பிப் போய் இன்னொரு தடவை எண்ணினேன். 351.

ஒரு பெண் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எதுக்கு எண்ணுறீங்க? எங்களுக்கு ஏதாச்சும் குடுக்கப்போறீங்களா?"

"இல்ல."

"அப்ப எதையோ எடுக்கப்போறீங்க" என்றாள். சண்டைக்காக இல்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, பாசியைப் புரட்டிப் போடப் போய்விட்டாள்.

திரும்பி வந்து கோட்டுவிடம் எண்ணைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"மேடம், கேட்ட கேள்விக்குப் பதில் போயாச்சு. யாரும் திருப்பிக் கேக்கல. கேக்காத கேள்விக்கு ஏன் பதில் சொல்லணும்?"

"கேட்டிருக்காங்க. நாமதான் வேற கேள்விக்குப் பதில் எழுதினோம்."

"முன்னூத்தம்பது பேரைப் போட்டா கணக்கு எங்க போய் நிக்கும் தெரியுமா?"

தெரியும். பத்தாயிரம் தடவை ஏவினாலும் வெளியாள் ஒருவருக்கு மேல் அடிபடக் கூடாது என்பது விதி. பத்தொன்பது பேர் என்றால் தேறுவோம். முன்னூற்றைம்பது என்றால் பக்கத்தில்கூடப் போகமாட்டோம். அவர்களைப் போகச் சொல்லிவிட்டு ஏவலாம் என்றால் மாதம் ஒரு ஏவுதல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள். பாசி காத்திருக்காது.

இன்னும் ஒன்றும் செய்யவில்லை. எண்ணைத் தாளில் எழுதி அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்று எழுதத்தான் இந்தக் கடிதம். இதன் நகலும் உங்கள் கோப்புக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் 351 என்று எழுதியிருக்கிறேன். பார்த்தாயா, வரிசை போட எனக்கும் தெரியும். ஆனால் உன் மூலமாக அனுப்பிவிட்டு நான் ஒன்றும் சொல்லவில்லை என்று இருக்க முடியவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை இப்போதைக்குத் தபாலில் சேர்க்கப்போவதில்லை.

மார்ச் 19

நான்கு நாள் கழித்துத் தொடர்கிறேன். உன் அத்தானிடம் சொன்னேன். அவர் விடுதி ஜன்னலுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார். திருப்புளியை வாயில் கடித்துக்கொண்டே முழுவதும் கேட்டார். அப்புறம் எடுத்துவிட்டு, "உன்னால அதை வெச்சுக்கிட்டு இருக்க முடியுமா?" என்றார்.

"முடியாது."

"அப்ப அனுப்பிடு. என்னை ஏன் கேக்குற" என்று சொல்லிவிட்டு அடுத்த கொக்கியை எடுத்தார். அது கோணலாகப் போயிற்று.

இன்று காலை திருத்தப் பதில் பதிவுத்தபாலில் போய்விட்டது. "பருவத்தில் 351 பேர், நானே எண்ணினேன்." இந்தக் கடிதத்தை இனித் தபாலில் போடலாம்.

அக்கா


ஏப்ரல் 6

தம்பிக்கு,

உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தங்கள் திருத்தப் பதிலைக் கருதி, மார்ச் 2-ஆம் தேதி தயாரான வரைவு உரிமம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். பார்வைக்காக வரைவையும் இணைத்திருக்கிறார்கள். ஆக மார்ச் 2-ஆம் தேதியே உரிமம் தயார். பத்தொன்பது பேர் என்பதை உன் இடத்தில் உட்கார்ந்தவர் ஒப்புக்கொண்டுவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் கூடத்துக்குத் தூண் எழும்பியிருக்கும்.

அது போகட்டும். வரைவின் கடைசிப் பக்கத்தில் கப்பல்களுக்கான அறிவிப்பு இருக்கிறது. அதன் கீழே ஒரு சுருக்கொப்பம். உன் சுருக்கொப்பம். சின்ன வயதில் என் பாடப்புத்தகங்களில் எல்லாம் அதைப் போட்டுப் பழகியவன் நீ, எனக்குத் தெரியாதா? தேதி மார்ச் 3.

மறுநாள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். பாசிக்காரர்கள் வந்துவிட்டார்களா என்று. மஞ்சள் துணிக்காரியைப் பற்றி.

உனக்குத் தெரியும். வரைவைப் பார்த்துவிட்டாய். எண் தவறு என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே ஆள் நீ. மாடி ஏறிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் உறுதிமொழி மீறல், உன் வேலைக்கு ஆபத்து. அதனால் என்னைத் தூண்டிவிட்டாய். நீ வாயைத் திறக்காமல் என்னைத் திறக்க வைத்தாய். ஊரில் இப்போது என்னைப் பார்த்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகிறார்கள். பழைய தீயணைப்பு ஆள், இருபது வருஷம் என்னோடு வேலை பார்த்தவர், நேற்றுக் கடையில் என்னிடம், "பாசிக்காரங்க என்ன இந்த ஊரா?" என்று கேட்டார். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. உனக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இனி எழுதமாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

எழுதமாட்டேன் என்றாய். படிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 3-ஆம் தேதி மதியம் அந்த வரைவு தவறுதலாக என் மேசைக்கு வந்தது. அறிவிப்புப் பகுதியை மட்டும் சரிபார்க்கச் சொல்லி ஒரு சீட்டு. உறையைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். திறந்தேன். 19 என்ற எண்ணைப் பார்த்தேன். அறிவிப்பைச் சரிபார்த்து ஒப்பமிட்டு, எதுவும் தெரியாதவன்போல அனுப்பினேன். அன்று முழுவதும் மாடிப்படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஏறவில்லை. பக்கத்து மேசைக்காரர் தேநீருக்குக் கேட்டபோது முதல் தடவையாகச் சரி என்றேன்.

ஏறியிருந்தால் வேலை போயிருக்கும் என்று நீ நினைக்கிறாய். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. மாடி ஏறிச் சொன்னால் உன் கையெழுத்துப் போட்ட பதில் பொய் என்று நான் சொன்னதாக ஆகும். உன் பெயர் கெடும். நீயே திருத்தினால் கெடாது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. நீ திருத்தாமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று பல தடவை கேட்டுக்கொண்டேன். போயிருப்பேன் என்று எழுத ஆசை. தெரியாது என்பதுதான் பதில்.

இந்தக் கடிதத்தின் நகலும் கோப்புக்குப் போகிறது. உன் ஏப்ரல் 6 கடிதத்தைக் கொடுத்தபோதே மேலதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் விஷயம் முடிந்துவிட்டது. இனி எழுத்தில் இருக்கட்டும்.

உன்னை நான் அப்படிப் பயன்படுத்தியிருக்கக் கூடாது.

தம்பி


ஆகஸ்ட் 22

தம்பிக்கு,

உரிமம் வந்தது. உனக்கும் தெரிந்திருக்கும். உறுதிமொழி முடிந்தது, இனி நகல் தேவையில்லை என்று உங்கள் அலுவலகமே ஒரு வரி எழுதியிருக்கிறது.

பாசிப் பருவத்தில் ஏவக் கூடாது. மற்ற ஐந்து மாதங்களில் ஏவலாம், சிறிய ராக்கெட் மட்டும். ஒவ்வொரு முறையும் ஏவுவதற்கு முன் தள மேலாளர் திட்டை நடந்து பார்த்து, ஒருவரும் இல்லை என்று சான்று தர வேண்டும். ஜூன் 30 தாண்டிவிட்டதால் இரண்டாம் தவணை காலாவதி. அடுத்த வருஷம் புதிதாக விண்ணப்பிக்கலாம். பெரிய நிறுவனம் வேறு தளத்துக்குப் போய்விட்டது. சின்ன நிறுவனம் ஒன்று இருக்கிறது, பதினொரு பேர். பழைய விமானக் கொட்டகையிலேயே ராக்கெட்டைப் பூட்டுகிறார்கள். நூற்று நாற்பதில் முப்பத்திரண்டு பேருக்கு வேலை. கோட்டு ராஜினாமா செய்துவிட்டார். விடைபெற வந்தபோது கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "நீங்க செஞ்சது சரிதான் மேடம், ஆனா நான் செஞ்சிருக்க மாட்டேன்" என்றார். அவ்வளவு நேர்மையாக அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

விடுதியில் பாசி வியாபாரிகள் தங்கினார்கள். குள்ளமான ஆட்கள்.

உன்னைப் பதிவறைக்கு மாற்றி, பதவி உயர்வை இரண்டு வருஷம் தள்ளிவைத்தார்கள் என்று வாலு சொன்னாள். அவளுக்கு நீ எழுதுகிறாய் என்பது எனக்கு முன்பே தெரியும். தொடரலாம்.

தொலைபேசியில் பேசலாம் என்று ஆகிவிட்டது. எனக்கு இன்னும் பேச வரவில்லை.

அக்கா


செப்டம்பர் 3

அக்கா,

வரும்போது வரட்டும்.

பதிவறை குளிர்ச்சியாக இருக்கிறது. பழைய விபத்து அறிக்கைகளை அட்டவணை போடுகிறேன். நாற்பதாவது விநாடி என்று எழுதியிருக்கிற அறிக்கைகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், யாரும் கேட்கவில்லை.

தம்பி


அக்டோபர் 30

தம்பிக்கு,

இது நீளமான கடிதம். தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்.

முதல் ஏவுதலை 24-ஆம் தேதிக்கு வைத்திருந்தோம். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை நேரம். நான் ஆறு மணிக்கே படகில் திட்டுக்குப் போனேன். நிரந்தரக்காரர்கள் பத்தொன்பது பேரையும் முந்தைய நாளே உன் அத்தானின் விடுதிக்குக் கொண்டுவந்து நீளக் கட்டில்களில் படுக்க வைத்தாகிவிட்டது. பருவம் இல்லாததால் குடிசைகள் இல்லை. வானிலிருந்து எடுத்த படத்தில் ஒருவரும் இல்லை. நடப்பது வெறும் சடங்கு என்று படகுக்காரரே சொன்னார்.

கிழக்கு முனையில், கவிழ்த்துப்போட்ட ஒரு பழைய படகின் நிழலில் ஈரச்சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். படகுக்கு அடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். அவருக்குப் பின்னால் குடிசை போடுகிற பிளாஸ்டிக் தாள்களும் கழிகளும் கட்டுக் கட்டாக. பாசிக்காரர்கள் எல்லோருடையதும். அடுத்த பருவம்வரை பார்த்துக்கொள்ள இவரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். படமெடுக்கிற ட்ரோன் சத்தம் கேட்டபோதெல்லாம் உள்ளே போய்விட்டாராம்.

"இன்னைக்கு இங்க இருக்கக் கூடாதுங்க. ராக்கெட் விடுறோம்."

"விடுங்க. நான் ஒண்ணும் சொல்லலியே."

"நீங்க இருந்தா விட முடியாது."

"நான் போனா இதுல பாதி இருக்காது. போன வருசம் அப்படித்தான் போச்சு. அம்பது குடும்பத்துப் பொருளு. என்னைத்தான் கேப்பாங்க."

வாக்கி-டாக்கியில் தளத்தைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னேன். நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் இணைப்பில் வந்தார். நல்ல பையன்தான், மூன்று நாளாகத் தூங்கவில்லை.

"எத்தனை பேர் மேடம்?"

"ஒருத்தர்."

"மேடம், பத்தொன்பது பேர் இருந்தாலும் கணக்கு தேறும்னு உங்க பழைய விண்ணப்பத்துல நான் படிச்சிருக்கேன். ஒருத்தர்தானே?"

அவர் சொன்னது தப்பில்லை, தம்பி. எனக்கும் அதேதான் தோன்றியது. விதிப்படி ஒருவர் இருந்தால் கணக்கு ஆடாது. சான்றிதழில் மட்டும்தான் ஒருவரும் இல்லை என்று எழுத வேண்டும். படகுக்கு அடியில் இருப்பவரை எந்தப் படமும் காட்டவில்லை. நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பார்க்கவில்லைதான்.

"இன்னைக்கு இல்ல. நாளைக்கு" என்றேன்.

ஒரு நாள் தள்ளினால் எரிபொருளை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். ஓடுபாதை ஓரத்தில் ஊரே குடையும் பாயுமாக வந்து உட்கார்ந்திருந்தது. என்னால்தான் நின்றது என்று பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உன் அத்தானைப் படகோடு வரச்சொன்னேன். அவர் வந்து கட்டுகளைப் பார்த்தார், மனுஷனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு முதல் கட்டைத் தூக்கினார். கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே இன்னொரு படகு வந்தது. அந்தத் தீயணைப்பு ஆளும் இன்னும் நாலு பேரும். என்னோடு பேசவில்லை. கட்டுகளை மட்டும் தூக்கினார்கள். ஏழு நடை. எல்லாவற்றையும் விமான நிலையத்தில் பயணிகள் காத்திருக்கிற கூடத்தில் அடுக்கி, கணக்கெழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் அந்தக் காவல்காரர் படகில் ஏறினார்.

மறுநாள் திட்டை மறுபடி நடந்தேன். ஒருவரும் இல்லை. பத்து ஐம்பதுக்கு ஏவினார்கள்.

நான் காவல்காரர் பக்கத்தில்தான் நின்றேன். முதலில் வெளிச்சம், அப்புறம் சத்தம், அப்புறம் நெஞ்சுக்குள் ஒரு அதிர்வு. நான் வாட்சைப் பார்த்தேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. திட்டுக்கு மேலே அது ஒரு வெள்ளைக் கோடாகப் போனது. நாற்பத்தொன்று. ஒன்றும் விழவில்லை. போய்விட்டது. ஊர் கைதட்டியது. உன் அத்தான் அழுதார், வெயில் என்றார்.

காவல்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டே, "இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்."

"அங்கயே இருந்திருந்தா என் தலையில விழுந்திருக்குமா?"

"விழுந்திருக்காது. இப்பத்தான் பாத்தீங்களே."

"நேத்து இது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தாள் கட்டுகளைப் பார்க்க உள்ளே போனார்.

பருவத்திலேயே விட்டிருக்கலாமே, ஒன்றும் ஆகியிருக்காதே என்று இப்போது ஊரில் பேசுகிறார்கள். ஆகியிருக்காதுதான். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. முன்பெல்லாம் பதில் இல்லாவிட்டால் உன்மேல் கோபம் வரும். இந்தத் தடவை வரவில்லை. உனக்கும் பதில் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அது எப்படியோ ஆறுதலாக இருந்தது.

உங்கள் அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பினேன். 'ஒரு நாள் தாமதத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில் 'ஒருவர்' என்று எழுதியிருந்தேன். விவரம் போதாது, விளக்கம் தேவை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு நாளாக அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு மேல் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கோப்பு மொழி உனக்குத்தான் வரும்.

தபாலில் எழுதி அனுப்பாதே. வந்து எழுதிக் கொடு. சனிக்கிழமைப் பேருந்துக்கு உன் அத்தான் வண்டி எடுத்து வருவார்.

அக்கா